ஒன்பது புள்ளி ஆறு ஓம்

அக்கரைப்பற்றில் மாசி நடுப்பகல்.
மேசை விசிறி சூட்டைத்தான் சுழற்றுகிறது.
மீராலெவ்வைக் காக்கா பொலித்தீன் பையைத் திறந்து
இரண்டு கறுப்பு றப்பர் உறைகளை வைக்கிறார்.
"கொரியாவில இருந்து மருமகன் அனுப்பினது.
கை சுடும் புள்ள. மோட்டச் சைக்கிளுக்குப் பூட்டித் தா."

கடைப்பொடியன் ரிஸாத் சிரித்துவிட்டான்.
நான் சிரிக்கவில்லை. எனக்கு அவருடைய பாதை தெரியும்.
இரவு பத்துக்கு வாடியில் மீன் ஏற்றி
அம்பாறை, இங்கினியாகலை, சியம்பலாண்டுவை,
மொனராகலை தாண்டிப் பசறை ஏற்றம்.
விடியுமுன் பதுளைக்குப் பாரை போய்ச் சேரவேண்டும்.
முதுகுக்குப் பின்னே ஐஸ் பெட்டி,
முகத்துக்கு முன்னே தேயிலைப் பனி.

மீற்றரை வைத்தேன். ஒன்பது புள்ளி ஆறு ஓம்.
"ஓமா?" என்றார்.
ஓம்.
மற்றதும் அதே.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்:
ஓடும்போது பதின்மூன்று புள்ளி எட்டு வோல்ட்.
அதை அதனாலேயே பெருக்கி ஓமால் பிரித்தால்
கைக்கு இருபது வாட், ஒரு துளி குறைய.
இரண்டு கைக்கு நாற்பது.

இந்த வண்டியின் கொயில் நான் சுற்றியதுதான்.
சாதாரண ஓட்டத்தில் எழுபதுக்கு மேல் தராது.
முன்லைட் முப்பத்தைந்து. பின்லைட் ஐந்து.
பிளக்குக்கும் பற்றரிக்கும் பதினைந்து.
மிச்சம் பதினைந்து.
நாற்பதைப் பதினைந்துக்குள் எப்படி மடிப்பது?

தொடராக இணைக்கலாம், ஒன்றின் வாலில் மற்றது:
மொத்தமே பத்து வாட், கைக்கு ஐந்து.
"அது சுடுமா?"
தேத்தண்ணி ஊற்றி மறந்துபோன கோப்பை மாதிரி.
உதட்டைப் பிதுக்கினார்.

"கூடப் போட்டா என்ன செய்யும்?"
வண்டி மெதுவாகும்போது லைட் மங்கும்.
பேச்சை நிறுத்தினார்.
சியம்பலாண்டுவைக் காட்டில்
மங்கின லைட்டுக்கும் கறுத்த முதுகுக்கும் இடையில்
எத்தனை முழம் என்று அறிந்தவர்.
போன வருடம் முன் மட்காட்டைச்
சாக்கில் கட்டிக் கொண்டுவந்தவர்.

பிறகு அவரே சொன்னார், மெல்ல:
"ஆனை நிக்கிற இடத்தில குளிர் இல்ல புள்ள.
குளிருற இடத்தில ஆனை இல்ல."

பேனை நின்றது.
நான் படித்த மின்சாரத்தில்
ரோட்டின் உயரம் எங்கும் வரவில்லை.
பசறை ஏற்றத்தில் இரண்டாம் கியர், எஞ்சின் அலறும்,
கொயில் தொண்ணூறு தரும். மிச்சம் முப்பத்தைந்து.
நாற்பதுக்கு இன்னும் ஐந்து குறை.

"வலக்கைக்கு வேணாம்."
ஏன்?

மேசைப் பற்றரியில் ஒன்றைக் கொளுவினேன்.
இடக்கையால் பிடித்தார், "ஸ்ஸ்" என்று விட்டார்.
வலக்கையால் பிடித்தார்.
பிடித்துக்கொண்டே இருந்தார்.
பாரை விலை சொன்னார். மருமகனின் சம்பளம் சொன்னார்,
அதை ரூபாவில் பெருக்கியும் சொன்னார்.
நான் எட்டிக் கிளிப்பைக் கழற்றினேன்.
உள்ளங்கை சிவந்திருந்தது. யாரோ விற்க வந்த
சாமானைப் போல அதைத் திருப்பிப் பார்த்தார்.
"ஐஸோ, எதுவோ. குளிரும் தெரியாது."

இடது பக்கம் மட்டும் பூட்டினேன்.
இருபது வாட். இரண்டு அம்பியர் ஃபியூஸ்.
தனிச் சுவிச், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில்.
வலது உறை என் லாச்சியில் கிடக்கிறது.

நாலாம் நாள் வந்தார், ஒரு பை கரட்டோடு.
வேலை செய்யுதா?
"பசறைக்கு மேல நிப்பாட்டி
இடக்கையை எடுத்து வலக்கைக்கு மேல வச்சன்."
சூடு தெரிஞ்சிச்சா?
"வலதுக்கு இல்ல.
இடதுக்குத்தான் தெரிஞ்சிச்சி,
மத்தது எவ்வளவு குளிர்ந்து கிடக்கெண்டு."

ரிஸாத் கரட்டொன்றைக் கழுவாமலே கடித்தான்.
ஹோனும் கம்முது, அதையும் ஒருக்காப் பாரன்
என்றார் காக்கா.